சமையலறையில் புது மெஷின் சொருகும் முன் ஒயர், எம்.சி.பி, எர்த் பார்த்துக்கொள்வது எப்படி

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சமையலறையில் மீன் வாசனை அடித்தது. புரட்டாசி சனிக்கிழமை, அதுவும் எங்கள் வீட்டில். அத்தை நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுப் பக்கம் இருக்கும் ஜன்னலைச் சாத்தினார், சாத்திய பிறகு வாசனை இன்னும் தூக்கலாக வந்தது, அப்போதுதான் எனக்கு உறைத்தது, மீன் வெளியே வேகவில்லை, எங்கள் சுவரில்தான் ஏதோ வேகிறது. மிக்ஸி பாயிண்டில், பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் சொருக வைக்கும் கன்வெர்ஷன் பிளக் ஒன்றைப் போட்டு, அதன் மேல் புதிதாக வாங்கிய ஓ.டி.ஜி. அவனை, அதாவது கேக், பிஸ்கட் சுடும் மின்சார அடுப்பை, சொருகி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே கேழ்வரகு பிஸ்கட். சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டால் தோசைக்கல் சூடு.

சுவிட்ச், சாக்கெட் செய்யும் சில வகை பிளாஸ்டிக் அளவுக்கு மேல் சூடானால் மீன் கவிச்சி போலத்தான் நாறும். இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் புகை வருவதற்கு முன்னாலேயே இந்த வாசனை வந்துவிடும். மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் சாக்கெட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இன்னாக்கா, உள்ள கரி புடிச்சி கீது, இது மேல போயி அவன் போட்டுனு இருக்கீங்க." வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீடு 1989-இல் மாமனார் கட்டியது, ஒயரிங்கும் அப்போது போட்டதுதான். அந்தக் காலத்தில் இந்தச் சமையலறைக்கு ஒரு மிக்ஸி, ஒரு கிரைண்டர், ஒரு டியூப் லைட், அவ்வளவுதான் கணக்கு.

அவர் சொல்லிக்கொடுத்ததையும், அதன் பிறகு ஒரு மாதம் வீட்டையே குடைந்து நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. அதனால் மூடியைக் கழற்றாமல் நாமே பார்த்துக்கொள்ளக் கூடியது எது, கழற்றிப் பார்க்க ஆளைக் கூப்பிட வேண்டியது எது என்று பிரித்தே சொல்கிறேன், அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

முதலில் என் மண்டையைக் குடைந்த கேள்வி, பிளக் அவ்வளவு சூடாகியும், லோடு அதிகமானால் தானாகவே அணைந்துகொள்ளும் எம்.சி.பி. சுவிட்ச் ஏன் விழவில்லை என்பதுதான். நம்மில் பலர் எம்.சி.பி. இருக்கிறது, ஏதாவது ஆனால் அதுவே விழுந்துவிடும் என்று நிம்மதியாக இருக்கிறோம். எம்.சி.பி. பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான், தன் வழியாக எத்தனை ஆம்பியர் ஓடுகிறது. என் அவன் இழுத்தது 9 ஆம்பியருக்கும் குறைவு, பெட்டியில் இருந்தது 20 ஆம்பியர் எம்.சி.பி. அதைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக இருந்தது. பிளக் பின்னும் சாக்கெட்டும் தளர்வாகத் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கிளம்பும் சூடு அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதை நம் கையும் மூக்கும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். மெஷின் வாங்குவதற்கு முன், இல்லையென்றால் அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாவது, அதன் பின்பக்கமோ அடியிலோ ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். அதில் எத்தனை வாட்ஸ் என்று இருக்கும். அதை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும், நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் கணக்கு என்பதால். 2,000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பு என்றால் 8.7 ஆம்பியர். 1,500 வாட்ஸ் கெட்டில் 6.5. ஏர் ஃபிரையரும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான். 750 வாட்ஸ் மிக்ஸி முழு வேகத்தில் 3.3. டேபிள் டாப் கிரைண்டர் ஒரு ஆம்பியரைக்கூடத் தொடாது, ஆனால் உளுந்து ஊறவைத்த ஈரக்கையோடு தொடுவது அதைத்தான் என்பதால் அதன் கதை வேறு, எர்த் பற்றிப் பேசும்போது வருகிறேன்.

மைக்ரோவேவில் ஒரு ஏமாற்று உண்டு, ஏமாற்று என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். 800 வாட்ஸ் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது அது சாப்பாட்டுக்குக் கொடுக்கும் சூட்டின் அளவு, சுவரிலிருந்து இழுப்பது அதைவிட நன்றாகவே அதிகம், 1,200-ஐத் தாண்டும். அதனால் முன்பக்கத்து ஸ்டிக்கரை விட்டுவிட்டுப் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள்.

அடுத்தது பிளக். நம் ஊரில் இரண்டு அளவுதான், சின்ன பிளக் 6 ஆம்பியர், பெரிய பவர் பிளக் 16 ஆம்பியர். பழைய ஆட்கள் இவற்றையே 5, 15 என்பார்கள். கம்பெனிக்காரன் பெரிய பின் வைத்து அனுப்புகிறான் என்றால் சின்ன ஓட்டையில் இது போகக் கூடாது என்பதற்காகத்தான் வைக்கிறான். நாம் கடைக்குப் போய் நாற்பது, ஐம்பது ரூபாய்க்கு ஒரு கன்வெர்ஷன் பிளக் வாங்கி அந்தப் பூட்டையே உடைத்துவிடுகிறோம். லாங்கு பஜாரில் நான் வாங்கியதும் அப்படித்தான். இருபது வருடமாக மிக்ஸி பிளக்கைச் சொருகிப் பிடுங்கித் தளர்ந்துபோன சின்ன சாக்கெட், அதன் மேல் கனமான கன்வெர்ஷன் பிளக், அதன் மேல் அதைவிடக் கனமான பவர் பிளக், எல்லாம் சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சாய்வில்தான் தொடர்பு அரைகுறையாகி சூடு கிளம்பியிருக்கிறது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதே ஜாதி. செல்போன் சார்ஜர், டேபிள் ஃபேன் என்றால் சரி. சூடு உண்டாக்கும் எதையும், அதாவது அவன், கெட்டில், இண்டக்ஷன், ஹீட்டர், அதில் சொருகாதீர்கள். ஒயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு சொருகுவது இன்னும் மோசம், சுருளுக்குள் இருக்கும் சூடு வெளியே போக வழியில்லை.

இப்போது சுவரில் பெரிய சாக்கெட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். சாக்கெட் முகத்தைப் பார்த்து உள்ளே என்ன ஒயர் என்று சொல்ல முடியாது. ஆறு ஓட்டை உள்ள பெரிய சாக்கெட்டை யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம், அதற்குப் பின்னால் போகும் ஒயர் அந்தக் காலத்து லைட் ஒயராகவே இருக்கலாம். எங்கள் ஹாலில் அப்படி ஒன்று இருந்தது, எப்போதோ அயர்ன் பாக்ஸுக்காக மாற்றியது. இதைத் தெரிந்துகொள்ள இரண்டு வேலை உண்டு, ஒன்று நீங்களே செய்வது, இன்னொன்று எலக்ட்ரீஷியன் செய்வது.

நீங்கள் செய்வது, எந்த எம்.சி.பி. எந்தப் பாயிண்டுக்கு என்று கண்டுபிடித்து எழுதி வைப்பது. இதற்கு ஒரு பைசா செலவில்லை, அரை மணி நேரம் போதும், ஆனால் எனக்குத் தெரிந்து ஒரு வீட்டிலும் இது செய்து நான் பார்த்ததில்லை. பகலில் செய்யுங்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் நிறுத்துங்கள். சமையலறைப் பாயிண்டில் ஒரு பழைய ரேடியோவைச் சொருகி சத்தமாக வையுங்கள், பிறகு டி.பி. பெட்டியில் இருக்கும் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே வாருங்கள். எதைத் தள்ளும்போது பாட்டு நிற்கிறதோ அதுதான் அந்தப் பாயிண்டின் எம்.சி.பி. அதைக் கீழேயே வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்று நடந்து, இன்னும் எதெல்லாம் செத்திருக்கிறது என்று பாருங்கள், லைட், ஃபேன், ஃபிரிட்ஜ், காலிங் பெல் உட்பட.

எங்கள் வீட்டில் நான் தள்ளினேன், என் பெண் ஒவ்வொரு ரூமாக ஓடிக் கத்தினாள். மிக்ஸி பாயிண்ட், ஃபிரிட்ஜ், ஹால் டி.வி., சாமி ரூம் லைட், வாசல் லைட், இத்தனையும் ஒரே எம்.சி.பி.யில். அதன் பக்கத்தில் ஒரு எம்.சி.பி. எதற்கும் இல்லாமல் சும்மா நின்றுகொண்டிருந்தது, எப்போதோ கழற்றிப் போட்ட ஏ.சி.க்கானது. ஒருவன் தலையில் ஊரையே ஏற்றிவிட்டு இன்னொருவன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி டி.பி. கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டேன். ராத்திரி ஏதாவது கருகினால் எதை அணைப்பது என்று டார்ச் வைத்துத் தேட வேண்டியதில்லை.

அந்தப் பட்டியல் கையில் இருந்தால் அடுத்த கணக்கு சுலபம். ஒரே எம்.சி.பி.யில் இருப்பவற்றில் ஒரே நேரத்தில் ஓடக் கூடியதைக் கூட்டுங்கள். ஃபிரிட்ஜ் ஒரு ஆம்பியர், மிக்ஸி 3.3, அவன் 8.7, கெட்டில் 6.5, கூட்டினால் 19.5. இதை 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் போட்டால் உடனே விழும் என்றுதானே நினைப்பீர்கள், விழாது. எம்.சி.பி.க்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் இழுத்துவிடும் காந்தச் சுருள் ஒன்று. அளவுக்கு மேல் லோடு போனால் மெல்ல மெல்லச் சூடாகி வளைந்து தட்டிவிடும் இரட்டை உலோகப் பட்டை இன்னொன்று. இந்தப் பட்டை நிதானமான ஆள். எழுதியிருக்கும் அளவில் 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும், இதுதான் அதற்கான தர விதி. அப்படியென்றால் 16 ஆம்பியர் எம்.சி.பி.யில் 18 ஆம்பியர் நிதானமாக ஓடலாம், 23 ஆம்பியர்கூட ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஓடிவிட்டுத்தான் நிற்கலாம். 19.5 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஒருநாள் விழும், ஒருநாள் விழாது.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கூத்து உண்டு. எம்.சி.பி.யில் போட்டிருக்கும் எண் 30 டிகிரி வெப்பத்தில் கணக்குப் போட்டது. வெயிலூர் என்றே கிண்டல் செய்யும் ஊரில், கத்திரி மாதத்தில், மேற்கு வெயில் விழும் வராண்டா சுவரில் இரும்பு டி.பி. பெட்டி இருந்தால் அதற்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், பட்டை முன்கூட்டியே பாதி வளைந்துதான் நிற்கும். அதனால் மார்கழியில் ஒழுங்காக ஓடிய அதே லோடு மே மாதம் மத்தியானம் எம்.சி.பி.யைத் தள்ளிவிடும். உடனே ஆளைக் கூப்பிட்டு "அடிக்கடி விழுது, பெருசா ஒண்ணு போட்டுடுங்க" என்போம்.

அதை மட்டும் செய்யாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எம்.சி.பி. இருப்பது சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காப்பாற்ற, உங்கள் அவனைக் காப்பாற்ற இல்லை. ஒயர் தாங்கும் அளவுக்குத்தான் எம்.சி.பி. இருக்க வேண்டும். மெல்லிய ஒயருக்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் இனிமேல் எம்.சி.பி. விழாது, ஒயர்தான் உருகும். எங்கள் வீட்டு 20-உம் அப்படி வந்ததுதான், முன்னால் யாரோ ஒருவர் விழுகிறது என்று மாற்றிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் பீஸ் கட்டை வைத்திருக்கும் வீடுகளில் இதே தப்பு வேறு உருவத்தில் இருக்கும், பீஸ் போகிறது என்று ஒயரிலிருந்து இரண்டு மூன்று செம்புக் கம்பியைப் பிரித்து முறுக்கிக் கட்டி வைத்திருப்பார்கள். அது பீஸ் இல்லை, வெறும் கம்பி.

எம்.சி.பி. முகத்தில் ஒரு ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். எண் ஆம்பியர். எழுத்து பெரும்பாலும் 'பி' அல்லது 'சி'. மோட்டார் மாதிரி கிளம்பும்போது ஒரு நொடி அதிகமாக இழுக்கும் சாமானுக்குச் 'சி' பொறுத்துக்கொள்ளும், 'பி' அவ்வளவு பொறுக்காது. வீட்டில் 'சி' இருந்தால் தப்பில்லை, எண் சரியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

இனி எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியது. மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினால் ஒயரின் மேலேயே அதன் அளவு அச்சடித்திருக்கும். செம்பு ஒயர் என்றால் பொதுவான கணக்கு, லைட், ஃபேனுக்கு 1 சதுர மில்லிமீட்டர், சின்ன பிளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, கீசர், ஏ.சி. மாதிரி தொடர்ந்து இழுப்பதற்கு 4. பழைய ஒயர்மேன்கள் 3/22, 3/20, 7/20 என்று பேசுவார்கள், முதல் எண் எத்தனை கம்பி, இரண்டாவது கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ். எங்கள் சுவரில் இருந்தது 3/22, ஒன்றேகால் சதுர மில்லிமீட்டர்கூட வராது. அதற்கு முந்திய வீடுகளில் அலுமினிய ஒயரும் இருக்கும், வெள்ளி நிறத்தில் பளபளவென்று இருந்தால் அதுவா என்று கேளுங்கள். அலுமினியம் என்றால் திருகு போட்ட இடமெல்லாம் காலப்போக்கில் தளர்ந்து சூடாகும், அதன் மேல் அவன், இண்டக்ஷன் எல்லாம் நினைக்கவே வேண்டாம்.

ஒயர் அளவைவிட எனக்குப் பயம் தந்தது நடுவில் இருந்த ஜாயிண்ட்கள்தான். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் நாலு ஒயரை முறுக்கி, மேலே சுற்றிய டேப் பசை காய்ந்து பொடியாகக் கொட்டியது. கூடவே ஒரு பல்லியின் எலும்புக்கூடு. அத்தை அதைப் பார்த்துவிட்டுச் சாமிக்கு விளக்கேற்றப் போய்விட்டார்.

அடுத்து எர்த். இதற்குத்தான் நம் பக்கம் அதிகம் கவனம் வேண்டும். மூன்று பின்னில் மேலே தடிமனாக, நீளமாக இருப்பது எர்த். மெஷினின் உள்ளே ஏதாவது ஒயர் அறுந்து உலோக உடம்பைத் தொட்டால் அந்த மின்சாரம் உங்கள் வழியாகப் போகாமல் இந்தப் பின் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். அதற்கு மண் ஈரமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் மலையடிவாரம், நாலடி தோண்டினால் பாறை தட்டும். பாலாறே வருடத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஊரில் எர்த் குழியில் மட்டும் ஈரம் எங்கிருந்து வரும்? குழாயை நட்டு உப்பும் கரியும் போட்டு மூடியது மாமனார் காலத்தில், அதன் மேல் அப்புறம் சிமெண்ட் தளம் போட்டு மூடியே விட்டோம். உங்கள் வீட்டில் எர்த் குழி எங்கே என்று தெரியாவிட்டால் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். தெரிந்தால் கோடையில் வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். கை கழுவும் தண்ணீரே போதும்.

கிரைண்டரையோ ஃபிரிட்ஜ் கைப்பிடியையோ தொடும்போது சுர்ரென்று இழுத்தால் "அது எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடக் கூடாது. நம் வீடுகளில் இதற்கு ஒரு மருந்து வைத்திருக்கிறோம், மரப்பலகையின் மேல் நின்றுகொண்டு மாவாட்டுவது. என் அம்மா குடியாத்தத்தில் வருடக்கணக்காக அப்படி ஆட்டியிருக்கிறார். ஈரத் தரையில் வெறுங்காலோடு வேலை செய்யும் இடத்தில் ஒரு நாள் பலகை நகர்ந்துவிட்டால் போதும். இழுத்தால் அந்த மெஷினைக் கழற்றி ஓரமாக வையுங்கள், எர்த்தையும் மெஷினையும் பார்த்த பிறகுதான் மறுபடி தொட வேண்டும்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க மூன்று லைட் வைத்த சாக்கெட் டெஸ்டர் கடையில் கிடைக்கும், சொருகினால் எந்த லைட் எரிகிறது என்பதை வைத்து எர்த் இல்லை, மின்சாரம் வரும் பேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது என்றெல்லாம் காட்டும். வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் எர்த் ஒயர் இருக்கிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், அந்த எர்த் எவ்வளவு நன்றாக இழுக்கும் என்று தெரியாது. இன்னொரு திருட்டுத்தனமும் அதற்குத் தெரியாது. எர்த் ஒயர் வராத சாக்கெட்டில் சிலர் நியூட்ரலிலிருந்து ஒரு சின்னத் துண்டு ஒயரை எர்த் ஓட்டைக்குப் போட்டுவிடுவார்கள். டெஸ்டரில் எல்லாம் சரி என்று காட்டும். ஒருநாள் அந்த நியூட்ரல் எங்காவது அறுந்தால் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த்தே இல்லாததைவிட இது மோசம். எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், எர்த் ஓட்டைக்குத் தனியாகப் பச்சை ஒயர் வர வேண்டும், பேஸுக்குச் சிவப்போ மஞ்சளோ நீலமோ, நியூட்ரலுக்குக் கருப்பு. மெஷினோடு வரும் ஒயரில் நிறம் வேறு, பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். இந்த நீலத்தில்தான் பிளக் மாற்றும்போது பலர் குழம்புவது.

எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றும் என்றால் நம்மைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருவதும் சமமாக இருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் வேறு எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை ஒரு ஆள் வழியாக, என்று அது சட்டென்று அணைத்துவிடும். பெட்டியில் எம்.சி.பி.யைவிட அகலமாக, ஒரு சின்ன டெஸ்ட் பட்டனோடு இருந்தால் அதுதான். மாதம் ஒருமுறை அந்தப் பட்டனை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், மாற்றிவிடுங்கள். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். 100, 300 என்றும் உண்டு, உயிரைக் காப்பாற்ற அவை உதவாது.

புது மெஷினைச் சொருகியவுடன் ஆர்.சி.சி.பி. விழுந்தால் மெஷினில் கசிவு என்று அர்த்தம். மழைக்காலம் முழுக்க பரணில் கிடந்த பழைய அவன், ரைஸ் குக்கர் இவற்றில் சூடாகும் கம்பிக்குள் ஈரம் ஏறியிருந்தாலும் விழும். மெஷினைச் சொருகாமலே விழுகிறதென்றால் எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கி, ஒவ்வொன்றாக மேலே போடுங்கள், எதில் விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. "இது சும்மா தொந்தரவுங்க, எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் அவரிடம் வேறு வேலை எதுவும் கொடுக்காதீர்கள். ஆர்.சி.சி.பி.க்குப் பிறகு நியூட்ரல் எங்காவது உண்மையான எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் அது அடிக்கடி விழும், அதற்காக அதைக் கழற்றிப் போடக் கூடாது.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் இன்னொன்று. மெயினை அணைத்துவிட்டு சமையலறைப் பாயிண்டில் ரேடியோ பாடுகிறதா என்று பாருங்கள். பாடினால் அந்தப் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது, அங்கே அவன், கெட்டில் எதுவும் கூடாது. மெயினை அணைத்தாலும் இந்த லைனில் மின்சாரம் இருக்கும் என்பதை வேலைக்கு வருபவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மூன்று பேஸ் வாங்கி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்திருப்பவர்கள் கோடை ராத்திரியில் ஒரு பேஸில் வோல்டேஜ் குறைந்தால் எல்லாவற்றையும் இன்னொன்றுக்குத் திருப்புவோம். திருப்பும்போது ஏ.சி., ஃபிரிட்ஜ், அவன் மூன்றும் ஒரே பேஸில் வந்து விழும், அதையும் கூட்டலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் 2,000 வாட்ஸ் அவன் 1,400 வாட்ஸ்கூடக் கொடுக்காது, கேக் உப்பாததற்குப் பேக்கிங் பவுடரைத் திட்டிப் பயனில்லை.

எங்கள் வீட்டில் கடைசியில் என்ன செய்தோம் என்றால், சும்மா நின்ற அந்த ஏ.சி. எம்.சி.பி. இருந்த இடத்திலிருந்து சமையலறைக்குத் தனி லைன் இழுத்தோம். சுவரை உடைக்காமல் பி.வி.சி. பட்டி ஒட்டி அதற்குள் விட்டாயிற்று, பார்க்க அழகில்லை. எலக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லிவிடுங்கள்: டி.பி.யிலிருந்து நேராக, நடுவில் ஜாயிண்ட் இல்லாமல், ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட 2.5 செம்பு ஒயர், எர்த்துக்குத் தனி ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் சாக்கெட்டும் சுவிட்சும், எல்லாம் ஆர்.சி.சி.பி.க்குக் கீழே. பழைய லைனில் இருந்த 20-ஐ எடுத்துவிட்டு 10 போட்டார். சாக்கெட் சிங்க்கிலிருந்தும் அடுப்பிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். மீட்டருக்கு முன்னால் இருக்கும் சீல் வைத்த கட்டவுட் பீஸ், கம்பத்திலிருந்து வரும் ஒயர் இவை மின்வாரியத்தின் சொத்து. அங்கே கருகல், தீப்பொறி தெரிந்தால் யாரையும் ஏறவிடாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் போன் செய்யுங்கள்.

முதல் தடவை சொருகும் நாளில் மெஷினைத் தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். பிளக் ஆடாமல் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். பத்து நிமிடம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக்கைத் தொடுங்கள், லேசான வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை, விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை. மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது லைட் மங்கி மங்கி வந்தாலோ, சாக்கெட்டுக்குள் சரசரவென்று சத்தம் கேட்டாலோ, எங்கோ லூஸ் கனெக்ஷன். புகையே வந்துவிட்டால் மெயினை அணைப்பதுதான் முதல் வேலை, தண்ணீர் பக்கம் கையே போகக் கூடாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் புது லைன் இழுக்க முடியாது என்று எனக்கும் தெரியும். பட்டியல் போடுவது, வாட்ஸ் கணக்கு, கன்வெர்ஷன் பிளக்கை விடுவது, பிளக்கைத் தொட்டுப் பார்ப்பது, இதற்கெல்லாம் ஓனர் அனுமதி வேண்டாம். கருகின சாக்கெட் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு மாற்றித்தரச் சொல்லிக் கேளுங்கள்.

இனி ஓனர்களுக்கு. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு ரூம் விடுபவர்கள் நம் ஊரில் ஏராளம், மாதக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் ரூமிலேயே இண்டக்ஷன் அடுப்பு வைத்துத்தான் சமைக்கிறார்கள். ஒரே லைனில் நாலு ரூம் கோத்துவிட்டிருந்தால், ராத்திரி ஏழரை மணிக்கு நாலு பேரும் 1,500 வாட்ஸில் சோறு வைக்கும்போது 26 ஆம்பியர். ரூமுக்கு ஒரு லைன், ஒரு எம்.சி.பி. என்று பிரித்துவிட்டு, பிறகு ரூம் சாவியைக் கொடுங்கள்.